ராத்திரி முழித்த கணித மேதை



ராத்திரி ரொம்ப நேரம் முழிச்சிருந்தா நம்ம எல்லார் வீட்லயும் ஆந்தைன்னு திட்டு விழும். நம்ம சென்னையில் அப்படி ஒரு ஆந்தை வாழ்ந்திருக்கிறார். அவர்தான் சீனிவாச இராமானுஜன்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். கணக்கில் புலி! ஆனால் மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் எஃப்.ஏ. பரீட்சையில் ஃபெயில். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார். சம்பளம் மாதம் 30 ரூபாய். பகலெல்லாம் ஆபீசுக்கே சரியாப் போயிடும். அவருக்கென்று மிஞ்சியது ராத்திரிதான். சில நாள் விடிகாலை 6 மணி வரை கணக்குப் போட்டுவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி வேலைக்குப் போவாராம்.

அவருடைய மேலதிகாரி நாராயண ஐயருக்கும் கணக்குன்னா உயிர். திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோட்டில் (இப்போ பாரதி சாலை) ஐயர் வீட்டு மாடியில் ஆளுக்கொரு பெரிய சிலேட்டோடு இரவு பதினொன்றரை வரை உட்காருவார்கள். பேப்பர் விலை கட்டுப்படியாகாது. அதனால் சிலேட்டில் போட்டு, முழங்கையாலேயே அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதுவார்.

1913-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914-ல் கப்பல் ஏறினார். 1918-ல் எஃப்.ஆர்.எஸ். பட்டம்! ஆனால் உடம்பு கெட்டுப்போய் 1919-ல் திரும்பினார். நம்ம லஸ் சர்ச் ரோட்டிலும் கொஞ்ச நாள் இருந்தார். கடைசியில் சேத்துப்பட்டு. படுக்கையிலும் கணக்கை விடவில்லை. 1920 ஏப்ரல் 26-ல் இறந்தபோது வயது 32தான். கடைசிக் காலத்தில் எழுதிய தாள்கள் 1976-ல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கிடைத்தன. அதில் 600-க்கும் மேற்பட்ட சூத்திரங்கள்!

என் மனசில் நின்றது அவர் மனைவி ஜானகி அம்மாள்தான். வலி வந்தால் ஒத்தடம் கொடுத்து, எழுதிய தாள்களைச் சேர்த்து வைத்தவர் அவர். பிறகு திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார். முழித்துப் படிப்பவர் பேரை ஊரே சொல்லும். கூடவே முழித்திருப்பவரை யாரும் சொல்வதில்லை.

நண்பர்களே, பரீட்சை நேரத்தில் நமக்காக முழித்திருந்து காபி போட்டுத் தரும் அம்மாவையும் கொஞ்சம் நினைப்போம். இன்னொன்று, இராமானுஜன் மார்க்குக்காக முழிக்கவில்லை. அதனால் வகுப்பில் தூங்கி மாட்டிக்கிட்டா அவர் பேரைச் சொல்லித் தப்பிக்க முடியாது!