கண் பார்த்தால் கை செய்யும்

குழந்தையின் முதற் பள்ளி அதன் கண்களே ஆகும். ஏடு கைக்கு வருமுன்னரே, பெரியோர் செய்யும் தொழில்களை அது இமையாது நோக்குகின்றது. ஏன், எவ்வாறு என்று வினவுகின்றது. பின்னர்த் தானும் செய்து பார்க்கின்றது. இவ்வாறு பெறும் கல்வி எத்துணை வலிமை உடையது என்பதை விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் வரலாறு நன்கு விளக்கும்.

ஜகதீசர் 1858-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் வங்காளத்திற் பிறந்தார். அவர்தம் தந்தையார் பகவான் சந்திர போஸ், இன்று வங்காள தேசத்தில் உள்ள பரீத்பூரில் டிப்டி மாஜிஸ்திரேட்டாகப் பணிபுரிந்தார். அக்காலத்தில் உயர்பதவியினர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ தம் மைந்தரைத் தாய்மொழிப் பாடசாலையிற் சேர்த்தார். தாய்மொழியையும் தம் நாட்டு மக்களையும் முதலில் அறிதல் வேண்டும். அதன் பின்னரே பிறமொழி கற்றல் தகும் என்பது அவர்தம் கொள்கை.

அப்பாடசாலையில் ஜகதீசரின் ஒருபுறம் ஏவலர் ஒருவரின் மகன் அமர்ந்திருந்தான்; மறுபுறம் மீனவர் ஒருவரின் மகன் அமர்ந்திருந்தான். பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் கூறிய செய்திகளை ஜகதீசர் வியப்புடன் கேட்டார். அத்தோழர்கள் வீட்டிற்கு வந்தபோது, ஆசாரம் மிக்க அன்னையார் வேற்றுமை பாராது அனைவருக்கும் ஒப்ப உணவளித்தார்.

பள்ளிக்கு ஜகதீசரைத் தோளிற் சுமந்து சென்றவர் முன்னாளிற் கொள்ளைக்காரராய் இருந்தவர். அவரைச் சிறைக்கு அனுப்பியவர் பகவான் சந்திரரே. விடுதலை பெற்றபின் பிழைக்க வழியின்றி வந்து நின்ற அவரிடம், தம் குழந்தையையே நம்பி ஒப்படைத்தார் அப்பெருந்தகை. ஒருமுறை குடும்பத்தினர் ஆற்றிற் படகிற் செல்லுகையில் கொள்ளையர் துரத்தினர். அப்பணியாளர் எழுந்து நின்று விநோதமாகக் குரல் எழுப்பவே, கொள்ளையர் விலகி ஓடினர். நம்பிக்கைக்கு நன்றி விளைந்ததைச் சிறுவர் தம் கண்ணாரக் கண்டார்.

பகலெல்லாம் கண்டவற்றைப் பற்றி இரவில் தந்தையிடம் அவர் ஓயாது வினவுவார். எத்துணைக் களைப்பிருந்தாலும் தந்தையார் சினவாது விடை கூறுவார். விடை தெரியாத இடத்தில், தெரியாது என்று ஒளிவின்றி ஒப்புக்கொள்வார்.

பின்னர்ப் பகவான் சந்திரர் பர்த்துவானுக்கு மாற்றப்பட்டார். அங்குக் காய்ச்சல் நோய் பரவிப் பலர் மாண்டனர். குழந்தைகள் பலர் பெற்றோரை இழந்தனர். அவர்கள் தொழில் கற்றுப் பிழைக்குமாறு, தம் வீட்டு வளாகத்திலேயே தச்சு, கடைசல், வார்ப்பு ஆகியவற்றிற்குரிய பட்டறைகளை அவர் நிறுவினார். ஜகதீசர் அங்குத் தொழிலாளர் கைகளின் அசைவைக் கூர்ந்து நோக்கித் தாமும் அத்தொழில்களிற் பழகினார். பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கிச் சிறு பீரங்கி ஒன்றும் வார்ப்பித்தார்.

இக்கல்வியின் பயன் பிற்காலத்தே வெளிப்பட்டது. 1885-ஆம் ஆண்டு அவர் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். இந்தியருக்கு ஐரோப்பியரினும் குறைந்த ஊதியமே தரப்பட்டது. அவ்விழிவை ஏலாத அவர் மூன்று ஆண்டுகள் ஊதியம் பெறாமலே பணியாற்றினார். இறுதியில் முழு ஊதியமும் நிலுவையும் பெற்றார். பொதுநலத் தொழில் முயற்சிகளால் தந்தையார் பட்ட கடனையும் அடைத்தார்.

கல்லூரியிலோ ஆராய்ச்சிக்குத் தக்க கூடமில்லை, கருவியில்லை. ஜகதீசர் மனந்தளரவில்லை. ஒரு தகரவேலைக்காரரைப் பழக்கித் துணைக்கொண்டு, சிற்றறை ஒன்றில் தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே உருவாக்கினார். 1895-ஆம் ஆண்டு கல்கத்தாவில், கண்ணுக்குப் புலனாகா மின்காந்த அலைகளைச் சுவரை ஊடுருவச் செய்து, அப்பால் மணியை ஒலிப்பித்தும் வெடிமருந்தை வெடிப்பித்தும் காட்டினார். செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியையும் பின்னர்ப் படைத்தார். 1917-ஆம் ஆண்டு தம் பிறந்த நாளன்று போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி நாட்டிற்கு உரிமையாக்கினார். 1937-ஆம் ஆண்டு மறைந்தார்.

பட்டறையிற் பார்த்த தொழில் அவர் கைக்குத் திறனை அளித்தது. தந்தையின் ஒழுகலாறு நெஞ்சிற்கு உறுதியை அளித்தது. சிறுவர் எதனையும் கூர்ந்து நோக்குதலும், தயங்காது வினவுதலும் வேண்டும். பெரியோரோ, தம் செயல் ஒவ்வொன்றையும் இளங்கண்கள் நோக்குகின்றன என்பதை மறவாது ஒழுகுதல் வேண்டும்.