கணக்கில் ஏறாத உழைப்பு: ஆலிஸ் கீ அம்மையாரின் சரிதம்

கோபுரத்தைக் கண்டு வியப்பவர் பலர். அதற்குச் சாரம் கட்டினவர் யார் என்று விசாரிப்பவர் வெகு சிலர். சினிமாவுக்கு இது முற்றிலும் பொருந்தும். திரையில் தோன்றும் முகத்தை ஊரெல்லாம் அறியும். அந்த முகத்தை எந்தக் கோணத்தில் காட்டுவது, எந்த வெளிச்சத்தில் காட்டுவது, பிலிமை எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்று தீர்மானிக்கிறவர்களை அறிந்தவர் சொற்பம். அப்படித் தீர்மானித்தவர் ஒரு பெண்ணாக இருந்துவிட்டாலோ, அவருடைய பெயர் ஜனங்களின் நினைவிலிருந்து மட்டுமல்ல, சரித்திரப் புஸ்தகத்திலிருந்தே நழுவிவிடுகிறது.

சினிமா பிறந்த காலத்திலேயே காமிராவின் பின்னால் நின்றவர் ஒரு மாது. பெரிய ஸ்தாபனம் ஒன்றின் படங்களையெல்லாம் அவர் நடத்தினார். கடல் கடந்து போய்ச் சொந்த ஸ்டூடியோ கட்டினார். கடைசியில் தாம் செய்த வேலையைத் தாமே செய்ததாக நிரூபிக்க முடியாமல் முதுமையைக் கழித்தார். அவருக்கு வாய்ப்பு எப்போது வந்தது, எப்போது போயிற்று, அங்கீகாரம் ஏன் இவ்வளவு தாமதித்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் அவர் வாழ்க்கையே விடை சொல்லுகிறது.

இளமை

ஆலிஸ் கீ 1873ம் வருஷம் ஜூலை மாதம் 1ந் தேதி, பாரிஸ் நகரை அடுத்த ஸான் மாந்தே என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் தென் அமெரிக்காவில் உள்ள சிலி தேசத்தில் புஸ்தக வியாபாரம் செய்துவந்த பிரெஞ்சுக்காரர். குழந்தை முதலில் ஸ்விட்ஜர்லாந்தில் பாட்டியிடம் வளர்ந்தது; பிறகு சிலியில் பெற்றோரிடம் இருந்தது; அப்புறம் ஐரோப்பாவுக்குத் திரும்பிக் கன்னிகாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது. இதற்கிடையில் வியாபாரம் நொடித்தது. மூத்த தமையன் மாண்டான். 1891ல் தகப்பனாரும் காலமானார். நல்ல ஸ்திதியில் இருந்த குடும்பம் சில வருஷங்களுக்குள் நாளைய சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படும் குடும்பமாயிற்று.

அக்காலத்தில் மானமாகப் பிழைக்க விரும்பிய நடுத்தர வகுப்புப் பெண்ணுக்குத் திறந்திருந்த கதவுகள் மிகச் சில. டைப் அடிப்பதும் சுருக்கெழுத்தும் அப்போதுதான் தலையெடுத்த தொழில்கள். ஆலிஸ் அவற்றைக் கற்றார். 1894ல் பாரிஸில் புகைப்படச் சாமான்கள் விற்கும் ஒரு கம்பெனியில் காரியதரிசியாக அமர்ந்தார். மறு வருஷம் அந்தக் கம்பெனியை லியோன் கோமோன் என்பவர் வாங்கினார். பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற கோமோன் சினிமா ஸ்தாபனம் தோன்றியது இவ்வாறே.

காரியதரிசியும் காமிராவும்

1895ம் வருஷம் மார்ச்சு மாதம் 22ந் தேதி லூமியேர் சகோதரர்கள் தங்கள் புதிய யந்திரத்தைப் பாரிஸில் ஒரு சங்கத்தார் முன்னிலையில் இயக்கிக் காட்டினார்கள். தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியே வரும் காட்சி திரையில் அசைந்தது. கோமோனும் அவருடைய காரியதரிசியும் அந்தச் சபையில் இருந்தனர். வந்திருந்த மற்றவர்கள் யந்திரத்தின் நுட்பத்தை மெச்சினார்கள். ஆலிஸின் மனத்தில் எழுந்த எண்ணம் வேறு. தெருவையும் ரெயிலையும் காட்டுகிற இந்தக் கருவி ஒரு கதையை ஏன் சொல்லக்கூடாது என்று அவர் யோசித்தார்.

முதலாளியிடம் அனுமதி கேட்டார். கோமோன் மறுக்கவில்லை, ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். கடிதப் போக்குவரத்து வேலை தடைப்படக்கூடாது என்பதே அது. அவ்வளவு எளிதில் அவர் இணங்கியதன் காரணத்தை நாம் கவனிக்கவேண்டும். கம்பெனியின் வியாபாரம் காமிரா விற்பது. படம் எடுப்பது அந்தக் காமிராவுக்கு விளம்பரம். படம் ஒரு விளையாட்டுச் சாமான் என்பதே அன்றைய அபிப்பிராயம். லாபமும் கௌரவமும் இல்லாத வேலையை ஒரு இளம் பெண் செய்ய விரும்பினால் செய்துவிட்டுப் போகட்டுமே! ஆலிஸுக்கு வாய்ப்பு வந்தது இந்த அலட்சியத்தினால்தான்.

அவர் எடுத்த முதற்படத்தின் பெயர் முட்டைக்கோஸ் தேவதை. குழந்தைகள் முட்டைக்கோஸ் தோட்டத்தில் பிறக்கின்றன என்ற பிரெஞ்சுக் கிராமக் கதையை வைத்து எடுத்த, ஒரு நிமிஷம் ஓடும் படம் அது. 1896ல் எடுத்ததாக அவருடைய சுயசரிதை கூறுகிறது. இன்று கிடைக்கும் பிரதி 1900ம் வருஷத்தைச் சேர்ந்தது என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. எப்படியாயினும், சினிமாவில் கதை சொல்லத் தொடங்கிய முதல் வரிசையில் அவர் நின்றார் என்பதில் ஐயமில்லை.

சீக்கிரத்திலேயே கோமோன் கம்பெனியின் படத் தயாரிப்பு முழுவதும் அவர் பொறுப்பில் வந்தது. கதை எழுதுவது, நடிகர்களைத் தேர்ந்தெடுப்பது, காட்சி ஜோடனை, உடை, டைரக்ஷன் எல்லாவற்றையும் அவரே கவனித்தார். பேசும்படம் பிறப்பதற்குச் சுமார் 25 வருஷங்களுக்கு முன்பே, குரோனோபோன் என்ற கருவியைக் கொண்டு நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுப் படங்களை எடுத்தார். முதலில் பாட்டை இசைத்தட்டில் பதிவு செய்துகொள்வது. பிறகு அந்தத் தட்டை ஒலிக்கவிட்டு, நடிகர் அதற்கேற்ப வாயசைக்கப் படம் பிடிப்பது. இன்றைய பின்னணிப் பாட்டு முறைக்கு இதை முன்னோடி என்றே சொல்லலாம். 1906ல் ஏசுநாதரின் வாழ்க்கையை 25 காட்சிகளாக, சுமார் 300 உபநடிகர்களை வைத்து, அரைமணி நேரத்துக்கு மேல் ஓடும் படமாக எடுத்தார். பெரும்பாலான படங்கள் சில நிமிஷங்களே ஓடிய காலத்தில் இது அசாதாரணமான காரியம். அதே வருஷம் ஆண்கள் தையல் வேலை செய்து குழந்தை வளர்ப்பதாகவும், பெண்கள் காப்பிக் கடையில் உட்கார்ந்து காலங் கழிப்பதாகவும் ஒரு வேடிக்கைப் படமும் எடுத்தார். அதைப் பார்த்துச் சிரித்த ஆண்கள் தாங்கள் எதைக் கண்டு சிரிக்கிறோம் என்று வீட்டுக்குப் போய்ச் சற்று யோசித்திருக்க வேண்டும்.

பின்னாளில் பிரெஞ்சு சினிமாவில் பெரும் பெயர் எடுத்த லூயி பெயாட், அவரிடம் கதை எழுத வந்தவர். 1907ல் தாம் விலகும்போது தமக்குப் பதிலாக அவரைச் சிபார்சு செய்தவரும் ஆலிஸே.

அமெரிக்காவில்

1907ல் கோமோன் கம்பெனி உத்தியோகஸ்தரான ஹெர்பெர்ட் பிளாஷே என்பவரை மணந்து, கணவருடன் அமெரிக்கா சென்றார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அத்துடன் அவர் தொழிலும் முடிந்தது என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். 1910ல் ஸோலாக்ஸ் என்ற பெயரில் சொந்தக் கம்பெனி தொடங்கி, அதன் தலைமையை ஏற்றார். 1912ல் நியூஜெர்ஸி ராஜ்யத்தின் போர்ட் லீ என்ற ஊரில் 1 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டு ஸ்டூடியோ கட்டினார். அவ்வருஷமே மகனும் பிறந்தான். ஒரு கையில் தொட்டிலும் மறு கையில் ஸ்டூடியோவுமாக அவர் வாழ்ந்த காலம் அது.

ஸ்டூடியோவில் எல்லோர் கண்ணிலும் படும்படி அவர் ஒரு பலகை மாட்டியிருந்தார். நடிகர்கள் மிகைப்படுத்தாமல் இயல்பாக இருக்கவேண்டும் என்பதே அதில் கண்ட கட்டளை. நாடக மேடைப் பழக்கத்தில் கையை வீசி மார்பில் அடித்துக்கொள்வதே நடிப்பு என்றிருந்த காலத்தில் இந்தக் கட்டளை ஒரு சிறு புரட்சி. மனைவியை அடிக்கும் கணவனைத் திருத்தும் கதையை 1912ல் படமாக்கினார். அதே வருஷம், வெள்ளை நடிகர்கள் நீக்ரோ நடிகர்களுடன் சேர்ந்து நடிக்க மறுத்தபோது, நீக்ரோ நடிகர்களை மட்டுமே வைத்து ஒரு படத்தை முடித்தார். அக்காலத்து நிற துவேஷத்தின் சாயல் அந்தப் படத்தின் கதையிலும் இல்லாமலில்லை. ஆயினும் முழுவதும் நீக்ரோ நடிகர்களே நடித்த கதைப்படங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்றாக அது இன்று போற்றப்படுகிறது.

1914ல் ஒரு சினிமாப் பத்திரிகையில் கட்டுரை எழுதி, படத் தயாரிப்பில் ஆண் செய்யும் எந்த வேலையையும் பெண்ணும் அதே எளிமையுடன் செய்யக்கூடும் என்று வாதித்தார். வாதம் வெறும் வாதமன்று. அதற்குச் சாட்சியாக அவருடைய ஸ்டூடியோவே எழுந்து நின்றது.

வீழ்ச்சி

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. படங்கள் நீண்டன, செலவு பெருகிற்று, பாங்கிகளும் பெரிய விநியோகக் கம்பெனிகளும் தொழிலைக் கைப்பற்றின. சினிமா கீழ்க்கரையை விட்டுக் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. சிறு ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1918ல் கணவர் அவரையும் குழந்தைகளையும் விட்டு ஹாலிவுட்டுக்குச் சென்றார். ஆலிஸ் விஷஜுரத்தில் விழுந்து உயிர் தப்பினார். அவர் டைரக்ட் செய்த கடைசிப் படம் 1920ல் வெளியாயிற்று. ஸ்டூடியோ ஏலத்துக்கு வந்தது. 1922ல் விவாகரத்து முடிந்து, இரு குழந்தைகளுடன் பிரான்ஸுக்குத் திரும்பினார். அப்போது வயது 49. படங்களின் பிரதிகள் ஒன்றுகூட அவர் கையில் இல்லை.

பிரெஞ்சு ஸ்டூடியோக்களில் வேலை தேடினார், கிடைக்கவில்லை. பத்து வருஷ காலம் ஒரு பெரிய ஸ்தாபனத்தின் தயாரிப்பு முழுவதையும் நடத்தியவருக்கு, அதே தேசத்தில் ஒரு படம் டைரக்ட் செய்யவும் இடமில்லை. குழந்தைகளுக்கான கதைகளும் மொழிபெயர்ப்புகளும் எழுதிக் காலந்தள்ளினார். வேலைக்கு மதிப்பில்லாதபோது வாய்ப்பு வந்தது. வேலைக்கு மதிப்பு வந்தபோது வாய்ப்பு போயிற்று. இது ஆலிஸ் ஒருவரின் துரதிர்ஷ்டமன்று. 1910ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவில் லோயிஸ் வெபர் முதலிய பல பெண்கள் டைரக்டர்களாக விளங்கினார்கள். 1930க்குப் பின் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்களில் டாரதி ஆர்ஸ்னர் ஏறக்குறையத் தனித்து நின்றார். பெண்களின் திறமை பத்து வருஷத்தில் வற்றிவிட்டதா? இல்லை. பணம் புகுந்த வாசல் வழியாகப் பெண்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

பெயருக்காகப் போராட்டம்

வேலையை இழந்தவர் அடுத்தபடியாகத் தம் பெயரையும் இழக்கலானார். ஆரம்ப காலப் படங்களில் டைரக்டரின் பெயரைப் போடும் வழக்கமில்லை. கம்பெனியின் பெயர் மட்டுமே இருக்கும். 1927ல் தம் படங்களைத் தேடி அமெரிக்கா போய்ப் பார்த்தார், வெறுங்கையுடன் திரும்பினார். 1930ல் கோமோன் கம்பெனி வெளியிட்ட சரித்திரத்தில் 1907க்கு முந்திய படத் தயாரிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் உழைத்த வருஷங்கள் முழுவதும் வெள்ளைக் காகிதமாயின. அவர் கோமோனுக்கு எழுதினார். கோமோன் தவறை ஒப்புக்கொண்டு திருத்துவதாக வாக்களித்தார். ஆனால் திருத்தம் அச்சேறுமுன் 1946ல் அவர் காலமானார். ஏசுநாதர் படத்தையோ, உதவியாளராயிருந்த விக்டோரின் ஜாஸேயின் பெயரில் சரித்திரக்காரர்கள் எழுதிவைத்தார்கள்.

அம்மையார் சோர்ந்துவிடவில்லை. தாம் எடுத்த படங்களின் ஜாபிதாவை ஞாபகத்திலிருந்து தயாரித்தார். சரித்திரக்காரர்களுக்குக் கடிதம் எழுதினார். சுயசரிதை எழுதினார், அதைப் பிரசுரிக்க ஒருவரும் முன்வரவில்லை. 1954ல் கோமோனின் குமாரர் லூயி, பாரிஸில் நிகழ்த்திய சொற்பொழிவில் அவருடைய தொண்டைப் பகிரங்கமாக எடுத்துச் சொன்னார். பிரெஞ்சு சர்க்காரும் லீஜியன் ஆப் ஆனர் விருதை அளித்தது. ஆயினும் 1968ம் வருஷம் மார்ச்சு மாதம் 24ந் தேதி, 94வது வயதில், நியூஜெர்ஸியில் அவர் இறந்தபோது உலகம் அதை அறியவில்லை. ஒரு காலத்தில் அவர் ஸ்டூடியோ கட்டி ஆண்ட அதே ராஜ்யந்தான் அது.

சுயசரிதை 1976ல் வெளிவந்தது. பிறகு ஆராய்ச்சியாளர் படச் சேமிப்புக் கிடங்குகளைத் துழாவினர். அவர் டைரக்ட் செய்தும் மேற்பார்த்தும் தயாரித்த படங்கள் ஆயிரத்தை எட்டும் என்றும், அவற்றில் சுமார் 150 இன்று எஞ்சியுள்ளன என்றும் கணக்கிட்டனர். 2024ல் பாரிஸ் ஒலிம்பிக் துவக்க விழாவில், ஸேன் நதிக் கரையில் எழுந்த பத்துப் பிரெஞ்சுப் பெண்மணிகளின் பொன்னிறச் சிலைகளில் அவருடையதும் ஒன்று.

பாடம்

சிலை வைத்தாயிற்று, நியாயம் கிடைத்துவிட்டது என்று திருப்தியடையலாமா? அமெரிக்காவின் ஆஸ்கார் பரிசுகள் 1929 முதல் வழங்கப்படுகின்றன. சிறந்த டைரக்டருக்கான பரிசை ஒரு பெண் முதன்முதலாகப் பெற்றது 2010ல். 2022 வரையில் பெற்றவர் மூவரே. ஒளிப்பதிவுப் பரிசுக்கு ஒரு பெண்ணின் பெயர் முதன்முதலாகச் சிபார்சு செய்யப்பட்டதே 2018ல்தான். ஆலிஸ் கீ காமிராவின் பின்னால் நின்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பிறகு இந்த நிலை.

செத்தபின் கொடுக்கும் மாலை உயிருள்ளவரின் கூலிக்கு ஈடாகாது. பெண்களுக்குச் சினிமாவில் வேண்டியது புகழ்மொழியன்று. தொழிலுக்கு மதிப்பும் மூலதனமும் சேரும்போதும் அவர்கள் இடம் பறிபோகாதிருக்க வேண்டும். செய்த வேலைக்கு நேரே செய்தவரின் பெயர் அன்றன்றே எழுதப்பட வேண்டும். இந்த இரண்டில் முதலாவது இல்லாததால் ஆலிஸ் கீ தொழிலை இழந்தார். இரண்டாவது இல்லாததால் பெயரை இழந்தார்.

பொதுக் காரியங்களில் ஈடுபட்ட நம்மவர்க்கும் இந்தச் சரிதம் அன்னியமானதன்று. எந்த இயக்கத்தில்தான் மேடையில் நின்றவர் ஒருவரும், மேடையை நிறுத்தினவர் பலருமாக இல்லை? நோட்டீஸ் எழுதினவர், பணம் சேர்த்தவர், சோறு பொங்கினவர், கூட்டத்தின் நடவடிக்கையைக் குறித்து வைத்தவர் ஆகியோரில் எத்தனை பெண்களின் பெயர் நமது அறிக்கைகளில் ஏறியிருக்கிறது? சரித்திரம் தானாக நியாயம் வழங்குவதில்லை. அதை எழுதுகிறவர்கள் விட்ட இடம் விட்டதாகவே இருக்கும். ஆகையால் ஏட்டைப் புரட்டிப் பார்த்து, விட்டுப்போன பெயர்களை, அவர்கள் உயிரோடிருக்கும்போதே எழுதுவோமாக.