யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி? சென்னை சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர்

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1921-ல். அதுவும் சொத்துத் தகுதி இருந்தவர்களுக்கு மட்டும்தான். ஆனா, சட்டசபைக்குள் ஒரு பெண் போய் உட்கார மேலும் 6 வருஷம் ஆச்சு. 1926 தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய் குறைந்த வாக்குகளில் தோற்றார். 1927-ல் நியமன உறுப்பினராக உள்ளே வந்தவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் சேர்ந்து படித்த முத்துலட்சுமி, 1912-ல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

சட்டசபையில் துணைத் தலைவராகவும் தேர்வானார். அங்கே அவர் கையில் எடுத்தது, சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம். எதிர்ப்பு பலமாகவே இருந்தது. மானிய நிலத்தை வைத்திருக்கணும்னா கோயில் சேவை செய்தே ஆகணும் என்ற கட்டாயம் 1929 சட்டத்திருத்தத்தில் நீங்கியது. அடுத்து, பொட்டுக்கட்டுவதையே தடை செய்ய மசோதா கொண்டுவந்தார்.

1930-ல் காந்தி கைதானதும், அதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். மசோதா அப்படியே நின்றுபோனது. அது சட்டமானது 1947-ல்தான். அப்போ அவர் சபையில் இல்லை.

ஆனா, அவர் சும்மா இருக்கவில்லை. ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தார். 1968-ல் மறைந்தார். சட்டசபையில் இருந்தது சுமார் 3 வருஷம்தான்!