இதயத்தைக் கோடு போட வைத்தவர்

மருத்துவமனையில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ ஈ.சி.ஜி. எடுத்ததைப் பார்த்திருப்பீர்கள். கட்டம் போட்ட நீளமான தாளில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வருமே, அதற்கு வழி செய்தவர் வில்லெம் ஐந்தோவன்.

இவர் 1860-ஆம் ஆண்டு மே 21-ஆம் தேதி, ஜாவா தீவிலுள்ள செமாராங் நகரில் பிறந்தார். இன்று இந்தோனேசியாவில் இருக்கும் அந்த ஊரை அப்போது டச்சுக்காரர்கள் ஆண்டார்கள். டாக்டரான அப்பா, இவருடைய 6 வயதில் இறந்துபோனார். சில ஆண்டுகளில் அம்மா 6 பிள்ளைகளோடு நெதர்லாந்துக்குப் போய்விட்டார். அங்கே மருத்துவம் படித்த ஐந்தோவன், 25 வயதிலேயே லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

நம் இதயம் துடிக்கும்போது மிக மிகச் சிறிய அளவில் மின்சாரம் உண்டாகிறது. அதைப் பதிவு செய்ய அன்று இருந்தது, பாதரசம் நிரப்பிய மெல்லிய கண்ணாடிக் குழாய். பாதரசமோ சரியான சோம்பேறி! இதயத்தின் வேகத்துக்கு ஏறி இறங்க அதனால் முடியவில்லை. கோடு மழுங்கி வந்தது. ஐந்தோவன் விடவில்லை. உண்மையான கோடு எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டே கண்டுபிடித்தார். 1895-இல் அதன் மேடு பள்ளங்களுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயரும் வைத்தார். இதயத்தின் மேல் அறைகளில் மின்சாரம் பரவும்போது வரும் சிறு மேடுதான் பி. கீழ் அறைகளில் பரவும்போது வருபவை க்யூ, ஆர், எஸ். நடுவில் ஊசிபோல் உயர்ந்து நிற்பது ஆர். கீழ் அறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராகும்போது வருவது டி.

ஆனால் வருகிற நோயாளிக்கெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? கருவி வேண்டுமே!

குவார்ட்ஸ் கல்லை உருக்கி, அம்பில் ஒட்டி, வில்லிலிருந்து எய்தால், பின்னாலேயே தலைமுடியைவிட மெல்லிய இழை நீண்டு வரும். அதற்கு வெள்ளி பூசி, பெரிய மின்காந்தத்தின் நடுவே பொருத்தினார். இதயத்தின் மின்சாரம் பாய்ந்ததும் இழை அசைந்தது. அதன் நிழல் படமாகப் பதிந்தது. என்ன ஆச்சரியம், கணக்கில் வந்த அதே கோடு!

கருவியின் எடை சுமார் 270 கிலோ. இயக்க 5 பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புநீரில் முக்கிக்கொண்டு உட்கார வேண்டும். இத்தனை கனத்தை மருத்துவமனைக்குத் தூக்கிப் போவது எப்படி? 1905-இல், ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் இருந்த மருத்துவமனையைத் தொலைபேசிக் கம்பியால் தன் ஆய்வுக்கூடத்தோடு இணைத்தார். நோயாளி அங்கே, கோடு இங்கே!

1924-இல் இவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1927 செப்டம்பர் 29 அன்று லெய்டன் நகரில் காலமானார்.

இன்று ஈ.சி.ஜி. கருவி கைக்கு அடக்கமாகவே கிடைக்கிறது. இதய நோய் உள்ளவருக்குப் பல் பிடுங்கும் முன் பல் டாக்டர்கூட அந்தத் தாளைக் கேட்பதுண்டு. அவர் அதில் தேடுவதும் அதே பி, க்யூ, ஆர், எஸ், டி-யைத்தான்.