ப்ரோலியோவின் இரும்புப் பிரபு

இத்தாலியின் டஸ்கனியில், சியெனாவுக்கு அருகிலுள்ள ப்ரோலியோ கோட்டையும் திராட்சைத் தோட்டமும் 1141 முதல் ரிக்காசோலி குடும்பத்தோடு பிணைந்தவை. 1809இல் பிறந்த பெட்டினோ ரிக்காசோலி இளமையிலேயே பெற்றோரை இழந்தார். சொத்தோடு கடனும் அவர் தலையில் விழுந்தது. மீள்வதற்கு அவர் நிலத்தையே நம்பினார். விளைச்சலைப் பாதிப் பாதியாகப் பிரிக்கும் வாரமுறை நிலவிய பகுதி அது. குடியானவர்களிடம் அவர் காட்டிய கண்டிப்பை இன்று யாரும் போற்ற இயலாது.

1861இல் கவூர் மறைந்ததும் ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாம் பிரதமரானார். 1866இல் மீண்டும் அப்பதவி. 'இரும்புப் பிரபு' என்று பெயர் பெற்றவர். ஆயினும் பதவியைவிட நீடித்து நிற்பது, பல்லாண்டுச் சோதனைகளுக்குப் பின் 1872இல் பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதமே. கியாந்தி ஒயினுக்கு மணமும் வலுவும் தருவது சாஞ்சோவேசே. அதை மென்மையாக்குவது கனாயோலோ. வெள்ளைத் திராட்சையான மால்வசியா ஒயினை நீர்க்கச் செய்யும். அன்றாடம் அருந்துவதற்கு அது பொருந்தும், நெடுங்காலம் வைத்திருப்பதற்கு அதைத் தவிர்க்கலாம் என்பது அவர் துணிபு.

1880இல் ப்ரோலியோவிலேயே காலமானார். 1967இல் வந்த சட்டமோ கியாந்தியில் வெள்ளைத் திராட்சையைக் கட்டாயமாக்கிற்று. செய்முறையை ஏற்றவர்கள் அதிலிருந்த விலக்கை மறந்தார்கள். கியாந்தி கிளாசிக்கோவிலிருந்து வெள்ளைத் திராட்சை முற்றாக நீங்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.