ஓமந்தூரார்

திண்டிவனத்தை அடுத்து ஓமந்தூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு, 1895 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள், உழவர் குடியொன்றில் இராமசாமி ரெட்டியார் பிறந்தார். ஊரின் பெயரே பின்னர் அவர்தம் பெயராயிற்று. மக்கள் அவரை ஓமந்தூரார் என்றே அழைத்தனர்.

வழக்கறிஞர் பலர் அரசியலில் தலைமை பெற்றிருந்த காலம் அது. ஓமந்தூராரோ சட்டம் பயின்றவரல்லர்; நிலத்தோடும் உழவரோடும் பழகி வளர்ந்தவர். காந்தியடிகளின் நெறியில் உள்ளம் பற்றிக் காங்கிரசு இயக்கத்தில் சேர்ந்தார். விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். கதராடையும் எளிய உணவும் அவர்தம் வாழ்வின் அடையாளங்களாயின.

1947 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்பதவியை அவர் நாடிச் செல்லவில்லை; அதுவே அவரை நாடி வந்தது. மாகாண முதலமைச்சரைப் பிரதமர் என வழங்கிய நாள்கள் அவை. அவ்வாண்டு ஆகஸ்டு 15 ஆம் நாள் நாடு விடுதலை பெற்றபோது, தமிழகத்தோடு ஆந்திரமும் மலபாரும் தென் கன்னடமும் அடங்கிய அப்பெரு மாகாணத்தின் தலைமையில் ஓமந்தூர் உழவரே இருந்தார்.

சட்டம் பயிலாத அவர் காலத்திலேதான் மக்கள் வாழ்வை மாற்றிய சட்டங்கள் பல பிறந்தன. தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் கோயில்களுள் சென்று வழிபடும் உரிமையை 1947 ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணம் முழுவதும் உறுதிப்படுத்தியது. பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் கொடிய வழக்கம் அதே ஆண்டில் தடுக்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் நெடுங்காலம் போராடியதன் பயன் அது. மறு ஆண்டில் சமீன்தாரி ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. உழுபவருக்கும் அரசுக்கும் நடுவே நின்று வரி தண்டிய சமீன்தார்களின் அதிகாரம் அதனால் நீங்கிற்று. 1948 அக்டோபர் 2 ஆம் நாள் முதல் மாகாணமெங்கும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது.

அவரது ஆட்சிக்கு எதிர்ப்பும் இல்லாமலில்லை. 1948 இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்க முயன்றபோது தமிழகத்தில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. கட்சிக்குள்ளும் மனவேறுபாடு வளர்ந்தது. ஆட்சி அலுவலில் தலையிடுவோருக்கு அவர் இடங்கொடாதவர். தமக்கு வேண்டியவர் என்பதற்காக நெறி பிறழாதவர். அதனால் கட்சியினர் பலருடைய ஆதரவை இழந்தார். ஆயினும் பதவியைக் காத்துக்கொள்ள வேண்டித் தம் இயல்பை மாற்றிக்கொண்டாரல்லர். 1949 ஏப்ரல் திங்களில் பதவியினின்று விலகினார். அவருக்குப் பின் குமாரசாமி ராஜா பொறுப்பேற்றார்.

பதவி நீங்கியோர் மீண்டும் அதனைத் தேடுவது உலகியல்பு. ஓமந்தூராரோ வள்ளலார் வாழ்ந்து அறம் வளர்த்த வடலூரைத் தேடினார். அங்குக் கல்விப் பணியிலும் ஆதரவற்றோரைப் பேணும் தொண்டிலும் தம் எஞ்சிய நாள்களைச் செலவிட்டார். 1970 ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 ஆம் நாள் இயற்கை எய்தினார்.

சென்னையில் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. அங்குள்ள அரசு மருத்துவமனைக்கு நாள்தோறும் ஏழை எளியோர் பலர் வருகின்றனர். பதவி ஒருவர்க்கு உடைமையன்று. மக்கள் ஒப்படைத்த பொறுப்பு. அதனை நேர்மையுடன் ஏற்று, கலக்கமின்றித் துறப்பதே பெருமை என்பதை ஓமந்தூராரின் வாழ்வு நமக்குக் காட்டுகிறது.