எச்சரித்தார் பிளெமிங்!

இலண்டன் மாநகரிலே புனித பால் தேவாலயம். அதன் நிலவறையிலே நெல்சன் உறங்குகிறார், வெலிங்டன் உறங்குகிறார். படை நடத்தியவர்கள், பகை முடித்தவர்கள்! அங்கேயே ஓர் உழவன் மகனின் சாம்பலும் வைக்கப்பட்டிருக்கிறது. அவரும் கொன்றவர்தான், கிருமிகளைக் கொன்றவர். அலெக்சாண்டர் பிளெமிங் என்பது பெயர்.

1881-இல் ஸ்காட்லாந்திலே பிறந்தார். ஏழு வயதிலே தந்தையை இழந்தார். இலண்டன் வந்து கப்பல் கம்பெனியிலே நான்காண்டு குமாஸ்தா வேலை பார்த்தார். 1901-இல் உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற சிறு தொகை மருத்துவக் கல்லூரிக் கதவைத் திறந்தது. அந்தத் தொகை வராதிருந்தால்? எத்தனை பிளெமிங்குகள் எத்தனை பேரேடுகளுக்கடியிலே புதைந்து போயினரோ, யார் கண்டார்!

முதல் உலகப் போரிலே, பிரான்சு நாட்டிலே, புண் சீழ்பிடித்துச் சிப்பாய்கள் மடிந்ததை அருகிருந்து கண்டார். 1928 செப்டம்பரில், விடுமுறை கழித்து ஆய்வுக்கூடம் திரும்பியபோது, கழுவாமல் கிடந்த கண்ணாடித் தட்டொன்றிலே பூசணம் பூத்திருந்தது. பூசணத்தைச் சுற்றிலும் கிருமிகள் கரைந்து கிடந்தன! வேறொருவர் முகஞ்சுளித்துக் கழுவியிருப்பார். அவர் உற்று நோக்கினார். பெனிசிலின் பிறந்தது. அதை மருந்தாக்கிய பெருமை ஆக்ஸ்போர்டிலே உழைத்த புளோரி, செயின் குழுவினருக்கு உரியது. நாம் அதை மறைக்கமாட்டோம், பரிசளித்தவர்களும் மறைக்கவில்லை. 1945-இல் நோபல் பரிசு மூவருக்கும் கிடைத்தது.

மாலை விழுந்த கழுத்தோடு மேடையேறியவர் என்ன பேசுவார்? தம் வெற்றியைப் பேசுவார். பிளெமிங்கோ ஆபத்தைப் பேசினார்! தொண்டை வலிக்காரன் ஒருவனைக் கற்பனையாகக் காட்டினார். அவன் தானே மருந்து வாங்கிப் போதாத அளவு உட்கொள்கிறான். வலுவற்ற கிருமி சாகிறது, வலுத்தது பிழைக்கிறது. அது மனைவியைத் தொற்றுகிறது, அவளுக்கு நிமோனியா, இப்போது பெனிசிலின் பலிக்கவில்லை, அவள் இறக்கிறாள். கணவனே குற்றவாளி என்றார்.

அவர் அஞ்சியது வெறுங்கதையல்ல. கிருமி இருபது நிமிடத்துக்கொருமுறை இரண்டாகப் பெருகவல்லது. தப்பிய ஒன்று விடிவதற்குள் படையாகிவிடும். இலண்டன் மருத்துவமனை ஒன்றிலே, சீழ் உண்டாக்கும் கிருமிகளில் பெனிசிலினுக்கு அடங்காதவை 1946-இல் நூற்றுக்கு 14. 1948-இல் பாதிக்கும் மேல்! 1947-இலேயே பிரிட்டனில் மருத்துவர் சீட்டின்றிப் பெனிசிலின் விற்பதைத் தடுக்கச் சட்டம் வந்தது. கிருமி சட்டம் படிக்கவில்லை. 1955-இல் பிளெமிங் மறைந்தார். பின்னர் மெதிசிலின் என்ற புது மருந்து வந்தது. 1961-க்குள் அதையும் எதிர்க்கும் கிருமி பிரிட்டனிலேயே தென்பட்டது.

பிளெமிங்கை வணங்குகிறோம். ஆயினும் ஒன்றிலே அவரோடு வாதிடுகிறோம். அந்தக் கணவன் ஏன் அரைகுறையாக உட்கொண்டான்? அறியாமையாலா? அப்படியும் இருக்கலாம். ஆனால் ஐந்து நாள் மருந்து எழுதித் தரப்பட்டு, இரண்டு நாளுக்கே காசிருந்து, காய்ச்சல் தணிந்ததும் வேலைக்கு ஓடும் தொழிலாளியை நாமறிவோம். ஒருநாள் தங்கினால் அன்றைய கூலி போயிற்று! அவனையுமா குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது? சளிக்கும் இருமலுக்கும் இதையே அள்ளித்தரும் கடைக்காரரையும், நோயில்லாத கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தோடு கலந்து ஊட்டிய பண்ணை முதலாளியையும் எந்தக் கூண்டில் ஏற்றுவது?

2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகிலே மாண்டோர் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என ஆய்வாளர் மதிப்பிட்டனர். மக்கள்தொகைக்கு ஒப்பிட்டால் சாவு மிகுந்திருந்த இடம் மருந்து மலிந்த மேல்நாடல்ல, மேற்கு ஆப்பிரிக்கா.